விளையாடமாட்டேன் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், பணியிட விளையாட்டு மென்பொருள்களை வாங்க ஒப்புதல் தருகிற மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் 11 ஆண்டுகளாக வாடிக்கையாளர் உதவி மையத்தில் வேலை செய்கிறேன். முதல் 5 ஆண்டுகள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கால், அதாவது வாடிக்கையாளர் அழைப்புகள், எடுத்தேன். அதன் பிறகு டீம் லீடர். உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்திட்டு வாங்கும் பாயிண்ட், பேட்ஜ், லெவல், லீடர்போர்டு என்கிற தரவரிசைப் பலகை எல்லாம் எங்கள் தளத்துக்கு வந்து இறங்கும்போது, அவற்றை ஆட்களிடம் விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னைப் போன்றவர்களின் தலையில்தான் விழுகிறது. இதுவரை 3 முறை விளக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, இனியும் பேசாமல் இருந்தால் அது என் குழுவுக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. அதனால் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் இடத்தில் விளையாட்டே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே ஒரு விளையாட்டால்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது நான் இணைய இணைப்புக் கோளாறுகளைக் கவனிக்கும் பிரிவில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். மொத்தம் 9 பேர். இரவு 1 மணிக்கு மேல் கால் குறைந்துவிடும். தூக்கம் கண்ணை அழுத்தும். ஒருநாள் எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர் ஒரு பந்தயம் கட்டினார். அழைத்தவர் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், கோளாறு இன்னதுதான் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். பிறகு 3 கேள்விதான். அதற்குள் கோளாறு பிடிபட்டு, அது சீட்டில் எழுதியதோடு ஒத்துப்போனால் வெள்ளைப் பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு கோடு. ஒத்துப்போகாவிட்டால் ஒன்றுமில்லை. அழைத்தவருக்கு வேண்டிய உதவியைச் செய்து முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போகலாம்.

நாங்கள் எல்லாரும் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த விளக்கு எரிகிறது?" என்பது. அக்கா அதைக் கேட்கமாட்டார். "கடைசியாக நன்றாக வேலை செய்ததே, அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். ஓர் இரவு ஒரு பெண்மணி அழைத்தார். இரண்டு வாரமாகப் படுக்கையறையில் மட்டும் வைஃபை கிடைக்கவில்லை என்றார். அதற்கு முன் பேசிய மூன்று பேர் ரவுட்டரை ரீசெட் செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கா தன் கேள்வியைக் கேட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒன்றும் மாறவில்லையே" என்றார் அவர். பிறகு, "பெரிய மீன்தொட்டி ஒன்று வாங்கினோம், அவ்வளவுதான்" என்றார். தொட்டி ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்தது. தண்ணீர் வைஃபை அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டரை எடுத்து அலமாரியின் மேல் வைக்கச் சொன்னார் அக்கா; சிக்னல் வந்துவிட்டது. மடித்து வைத்த சீட்டைப் பிரித்துப் பார்த்தோம். "நடுவில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் இரவு நாங்கள் 9 பேருமே அந்தக் கேள்வியைக் கேட்டோம். எந்தப் பயிற்சி வகுப்பும் எங்களுக்கு அதைச் சொல்லித்தந்ததில்லை.

எங்களில் ஒருவர் கடைசிவரை இந்த ஆட்டத்தில் சேரவில்லை. கால் இல்லாத நேரத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. பலகையில் அவர் பெயரே இல்லை. இல்லாதது ஒரு குறையாகவும் தெரியவில்லை. இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மடலே அவரைச் சுற்றித்தான்.

எங்கள் பலகையை ஒருநாள் மேலாளர் ஒருவர் பார்த்தார். நல்ல மனிதர். உண்மையிலேயே மகிழ்ந்து, மேலிடத்தில் பேசினார். 4 மாதம் கழித்து முறையான மென்பொருள் வந்தது. சுவரில் 55 அங்குலத் திரை. 6 நிமிடத்துக்குள் டிக்கெட்டை, அதாவது ஒரு புகாரின் பதிவை, மூடினால் 10 பாயிண்ட். மேல்நிலைப் பிரிவுக்கு எஸ்கலேட் செய்தால் 15 பாயிண்ட் கழியும். தொடர்ந்து 5 டிக்கெட் மூடினால் பெயருக்குப் பக்கத்தில் தீப்பிழம்பு ஒன்று எரியும். அதற்கு ஸ்ட்ரீக் என்று பெயர். முதல் மூன்று பெயர்கள் பச்சை, கடைசி மூன்று சிவப்பு. மாதக் கடைசியில் மொத்த மதிப்பெண் அப்ரைசல் எனப்படும் பணி மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும்.

முதல் வாரம் எல்லாருக்கும் உற்சாகம்தான். மறைக்கமாட்டேன், எனக்கும்தான். இரண்டாம் நாள் நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன்; வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பச்சை என் கண்ணுக்குள் இருந்தது. மூன்றாவது வாரம் துண்டுச் சீட்டு நின்றுபோனது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அக்காவின் கேள்வியைக் கேட்டால் அழைத்தவர் யோசிப்பார். யோசிக்க 2 நிமிடம் ஆகும். 6 நிமிடத்தில் 2 நிமிடத்தை யார் கொடுப்பார்கள்? அதற்குப் பதில் எல்லாரும் வேறொன்றைக் கற்றுக்கொண்டோம். "ரீசெட் செய்துவிட்டேன், 24 மணி நேரம் பாருங்கள்" என்று சொல்லி டிக்கெட்டை மூடுவது. மறுநாள் அவரே மீண்டும் அழைப்பார். அது புது டிக்கெட். எடுப்பவருக்கு இன்னொரு 10 பாயிண்ட். சரியாகாத ஒரே கோளாறு மூன்று பேருக்கு 30 பாயிண்ட் சம்பாதித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூவரில் நானும் ஒருவன்.

மூன்றாவது முறை அழைத்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நேற்று பேசியவரும் சரியாகிவிட்டது என்றார், அதற்கு முந்தைய நாள் பேசியவரும் சரியாகிவிட்டது என்றார். யாருக்குத் தம்பி சரியானது?" என்னிடம் பதில் இல்லை. திரையில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

வயதானவர்கள், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாதவர்கள், பதற்றத்தில் அழுதுவிடுகிறவர்கள் எல்லாரும் எப்படியோ அக்காவிடம்தான் போய்ச் சேருவார்கள். ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கொடுப்பார். அவர் பெயர் கடைசி மூன்றில் போய் நின்றது. தினமும் சிவப்பு. ஒருநாள் வந்து பார்த்தேன்: நாற்காலியை, மேசையை, மானிட்டரை எல்லாம் திருப்பிப் போட்டு, சுவர்த் திரை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் பேச்சும் குறைந்தது. முன்பு யாருக்காவது ஒரு புது வழி தெரிந்தால் எழுந்து நின்று சொல்வார்கள். இப்போது தெரிந்த வழி அவரவர் மேசையோடு நின்றது. பக்கத்தில் இருப்பவர் எதிரணி ஆகிவிட்டாரே. 8 மாதத்தில் அக்கா வேலையை விட்டுப் போனார். போகும்போது வெள்ளைப் பலகைக்குக் கீழே டப்பாவில் கிடந்த பழைய சீட்டுகளை எடுத்து பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதே ஆட்கள், அதே கால்கள், அதே நாற்காலிகள். ஒரு விளையாட்டு எங்களை வேலையில் தேர்ந்தவர்கள் ஆக்கியது. இன்னொன்று எங்களை ஏமாற்றுக்காரர்கள் ஆக்கியது. ஏன் என்று பல ஆண்டுகள் யோசித்தேன், தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

விளையாட்டைப் பற்றிச் சிந்தித்த அறிஞர்கள் பலரும் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: அது தன்விருப்பமானது. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹுய்சிங்கா 1938-லேயே இதை அழுத்திச் சொன்னார். கட்டளையிட்டு ஆடவைத்தால் அது விளையாட்டின் போலி என்றார். விளையாட்டு அல்லாத வேலைகளில் விளையாட்டின் கூறுகளைச் சேர்ப்பதைக் குறிக்கும் கேமிஃபிகேஷன் என்கிற சொல்லை 2002-ல் நிக் பெல்லிங் என்கிற பிரிட்டிஷ் நிரலாளர் உருவாக்கினார். 2010-ஐ ஒட்டி அது நிறுவனங்களின் விருப்பச் சொல் ஆனது. தமிழில் விளையாட்டாக்கம் என்கிறோம். அந்தப் பயணத்தில் தன்விருப்பம் என்கிற பகுதி எங்கோ வழியில் விழுந்துவிட்டது. பாயிண்ட்டும் பேட்ஜும் பட்டியலும் மட்டும் வந்து சேர்ந்தன.

இது என் மனக்குறை மட்டுமல்ல, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஈத்தன் மோலிக், நான்சி ராத்பார்ட் இருவரும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் கூடைப்பந்துப் பாணியில் ஓர் ஆட்டத்தை நடத்தினார்கள். விற்பனை முடிந்தால் புள்ளி, பெரிய திரையில் நிலவரம் என்று எல்லாம் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்தை மனதார ஏற்றவர்களுக்கு வேலையில் மகிழ்ச்சி கூடியது. ஏற்காதவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியும் குறைந்தது. ஆட்டம் ஒன்றுதான், சம்மதம் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. என் குழுவில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர் எங்கள் வெள்ளைப் பலகையின் முன் நிம்மதியாக இருந்தார். 55 அங்குலத் திரையின் முன் அவருக்கு அந்த நிம்மதி இல்லை. அவரைக் கேட்காமலே அவர் பெயரும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைப் பிரிவில் நடந்ததையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். படுக்கை விரிப்பும் துண்டும் துவைத்து மடிக்கும் தொழிலாளர்களின் வேகத்தை நொடிக்கு நொடி கணக்கிட்டு, பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். இலக்கைத் தொட்டால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2011-ல் அதை எழுதியபோது, தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயரும் வெளியே வந்தது: மின்னணுச் சாட்டை. பின்தங்கிவிடுவோமோ என்று கழிப்பறைக்குக்கூடப் போகாமல் சிலர் வேலை பார்த்ததாக அந்தச் செய்தி சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு அக்காவின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் திரையிலும் அதே பச்சை, அதே சிவப்பு. வேறு கண்டத்தில், வேறு தொழிலில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே வலியைச் சொல்கிறார்கள் என்றால் பிழை ஆட்களிடம் இல்லை.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்பது உங்களில் பலரின் நம்பிக்கை. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு, வரைந்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத வேளையில் பேனாக்களைப் பொதுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது பரிசு அல்ல, பேரம். எங்கள் துண்டுச் சீட்டு ஏன் மூன்றே வாரத்தில் செத்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆசையாகச் செய்துகொண்டிருந்ததற்கு 10 பாயிண்ட் என்று விலை எழுதியதும், அது அந்த விலைக்கான வேலை ஆகிவிட்டது.

எண்ணைத் துரத்தச் சொன்னால் மனிதர்கள் எண்ணைத்தான் துரத்துவார்கள். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்குக் கணக்கு, அட்டை என 8 சேவைகளாவது விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அந்த ஊழியர்களின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் "24 மணி நேரம் பாருங்கள்" என்று சொல்லி டிக்கெட்டை மூடிய என் விரல் எனக்குத் தெரியும். இலக்கை வைத்த தலைவர்கள் தண்டனை பெறப் பின்னர் ஆண்டுகள் ஆனதும், அதைத் தொட வளைந்தவர்கள் முதலில் வேலையிழந்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது கணினி கொண்டுவந்த புதுமையும் அல்ல. 1935 ஆகஸ்டில் சோவியத் சுரங்கத் தொழிலாளி அலெக்ஸி ஸ்தகானோவ் ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக அறிவித்தார்கள். வழக்கமான அளவைப்போல் 14 மடங்கு. அவருக்குப் பின்னால் சுரங்கக் கூரைக்குத் தூண் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தவர்களின் உழைப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை. மறு ஆண்டே பல தொழில்களில் எல்லாருக்குமான அளவு உயர்த்தப்பட்டது. எங்கள் தளத்திலும் அதேதான்: 6 நிமிடத்தை எல்லாரும் தொட ஆரம்பித்ததும் அது 5 நிமிடம் ஆனது.

"இளைய தலைமுறை கேம் ஆடி வளர்ந்தது, அவர்களுக்கு இது பிடிக்கும்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். என் குழுவில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் விடிய விடிய கேம் ஆடுகிறவர்கள்தான். அதனால்தான் அவர்களுக்கு வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. கேமில் ஒரே கட்டத்தில் நாற்பது முறை செத்துப்போகலாம். எந்த மேலாளருக்கும் மின்னஞ்சல் போகாது. சலித்தால் மூடி வைத்துவிடலாம். தோற்கிற சுதந்திரம்தான் விளையாட்டின் உயிர். விமானிகளைச் சிமுலேட்டரில் பயிற்றுவிப்பதும் இதற்குத்தான். அங்கே நொறுங்கும் விமானத்தில் யாரும் சாவதில்லை. நீங்கள் வாங்கிய திரை என்ன செய்கிறது? தோல்வியைப் பெயரெழுதிச் சுவரில் மாட்டுகிறது. பிறகு கோப்பிலும் சேர்க்கிறது.

செயலி வழியாக அவ்வப்போது கிடைக்கும் கிக் வேலைகளில் இது இன்னும் கொடுமை. ஊபர் ஓட்டுநர் இன்றைக்குப் போதும் என்று வெளியேறப் போகும்போது, "இலக்கைத் தொட இன்னும் கொஞ்சம்தான்" என்று செயலி தடுத்து நிறுத்துவதை நியூயார்க் டைம்ஸ் 2017-ல் விரிவாக எழுதியது. வீட்டுக்குப் போக வேண்டிய மனிதரை இன்னொரு மணி நேரம் சாலையில் நிறுத்த விளையாட்டின் நுட்பம் பயன்படுகிறது. உங்கள் மென்பொருளில் அந்த ஸ்ட்ரீக் தீப்பிழம்பு இருக்கிறதல்லவா, அதுவும் இதே குடும்பம்தான். அது எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகக்கூட மனம் வராது.

விளையாட்டு வேலைக்கு உதவிய இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன், பல மொழிகளில் திரைகளில் வரும் சொற்கள் சரியா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் ஓர் ஆட்டத்தை உருவாக்கியது. உலகெங்கும் உள்ள தன் ஊழியர்களிடம், உங்கள் தாய்மொழித் திரைகளைப் பார்த்துப் பிழையைக் குறித்துத் தாருங்கள் என்று கேட்டது. சுமார் 4,500 பேர் ஆடினார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகள் பார்க்கப்பட்டன. ஜப்பான் கிளையினர் ஒரு நாளையே அதற்கென ஒதுக்கி ஆடினார்கள். ஏன் அது நடந்தது என்று பாருங்கள். யாருக்கும் அது அன்றாட வேலை இல்லை. ஆடாதவருக்கு நட்டம் இல்லை. தாய்மொழியில் ஒரு பிழையைப் பிடிக்கிற இன்பம் அந்த வேலைக்குள்ளேயே இருந்தது. வேலை முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. அதை நடத்திய ராஸ் ஸ்மித், ஒருவரின் அன்றாடக் கடமையின் மேல் விளையாட்டை ஏற்றக்கூடாது, கடமைக்கு வெளியே உள்ள பொதுக் காரியங்களுக்கும் புதுத் திறன் கற்பதற்குமே அது பொருந்தும் என்று சொல்லிவந்தார். எங்களுக்கு வந்து சேர்ந்ததோ அதற்கு நேர் எதிரானது.

தொழிலாளர்கள் தங்களுக்குள் எப்போதும் ஏதோ ஒன்றை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1970-களில் சமூகவியலாளர் மைக்கேல் புராவோய் சிகாகோ பகுதியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். நிர்ணயித்த அளவை மிஞ்ச அங்கே எல்லாரும் தங்களுக்குள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அவரும் அதில் ஊறிப்போனார். பிறகுதான் தெரிந்தது, 30 ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்கிற ஆய்வாளர் அதே தொழிற்சாலையில் வேலை செய்து அதே போன்ற ஆட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார் என்று. புராவோய் ஓர் எச்சரிக்கையும் செய்தார்: ஓர் ஆட்டத்தை ஆட ஆரம்பித்துவிட்டால், அதன் விதிகள் சரிதானா என்று கேட்க மறந்துவிடுவோம். என்னைச் சுட்ட வரி அது. பச்சையில் இருந்த இரண்டாம் நாள் நான் எந்த விதியையும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இவைதான்.

ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் இருக்கட்டும். பெயரளவுக்கு ஒரு பொத்தான் வைத்துவிட்டு, யார் யார் விலகினார்கள் என்ற பட்டியலை டீம் லீடருக்கு அனுப்புவது விலகும் வசதி ஆகாது. அந்தப் பட்டியல் எனக்கே வேண்டாம். அது என் கையில் இருந்தால், அப்ரைசல் எழுதும் இரவில் அது என் மனதில் ஓடும்; நானும் மனிதன்தான்.

ஆட்டத்தின் மதிப்பெண் சம்பளத்தையும் அப்ரைசலையும் தொடக்கூடாது. தொட்டால் அதற்கு ஊதியத் திட்டம் என்று பெயர். அப்படியானால் அதை வெளிப்படையாக வையுங்கள், எங்களோடு பேசி வையுங்கள், எழுத்தில் கொடுங்கள். தீப்பிழம்பும் கோப்பையும் வரைந்து ஊதியத் திட்டத்தை மூடாதீர்கள். குழுவில் ஆர்வம் குறைவதற்குக் காரணம் சம்பளமோ, ஆள் பற்றாக்குறையோ, மூன்று வாரமாக வராத லீவு ஒப்புதலோ என்றால் பேட்ஜ் அதைத் தீர்க்காது. அதை நாங்கள் நேரில் சொன்னால் கேட்பதற்கு யாராவது இருக்க வேண்டும்.

கடைசி மூன்று பெயர்களைச் சிவப்பில் காட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இதற்குக் கூட்டமோ ஆய்வோ தேவையில்லை. ஒருவர் தன் நேற்றைய கணக்கைத் தான் மட்டும் பார்க்கும்படி வைக்க எந்த மென்பொருளாலும் முடியும்.

விதிகளை ஆடுகிறவர்கள் எழுதட்டும். எங்கள் வெள்ளைப் பலகையில், காது சரியாகக் கேட்காதவர்களின் கால்களுக்கு 3 கேள்வி வரம்பு இல்லை என்று இரண்டாவது வாரமே மாற்றினோம். மாற்ற 5 நிமிடம் ஆனது. உங்கள் மென்பொருளில் எஸ்கலேட் செய்தால் 15 பாயிண்ட் கழியும் என்பது தவறு, உண்மையிலேயே பெரிய கோளாறை எஸ்கலேட் செய்பவர்தான் சரியானவர் என்று நான் எழுதிக் கொடுத்து 14 மாதம் ஆகிறது. ஆட்டத்தை நிறுத்தும் உரிமையும் குழுவுக்கு வேண்டும். தொடங்கும்போதே முடிவு நாளும் குறித்திருக்க வேண்டும்.

உங்களுக்கு விளையாட்டிலிருந்து எதையாவது எடுத்துவர வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருந்தால், எடுத்த அடியின் பலன் உடனே தெரிவதை எடுத்துவாருங்கள். நாங்கள் பட்டினி கிடப்பது அதற்குத்தான். ஒரு நாளைக்கு 60 பேரிடம் பேசுகிறோம். அவர்களுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. நான் பேசிய ஒருவரின் இணைப்பு ஒரு வாரம் கழித்தும் ஒழுங்காக இருக்கிறதா, அவர் மீண்டும் அழைத்தாரா என்ற தகவல் உங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை என் திரையில், எனக்கு மட்டும், ஒரே வரியில் காட்டுங்கள். பாயிண்ட் வேண்டாம், நிறமும் வேண்டாம். அந்த மீன்தொட்டிப் பெண்மணி அதன் பிறகு அழைக்கவே இல்லை என்பதை அக்கா ஒரு மாதம் கழித்துத் தானாகத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். எந்தப் பச்சை நிறமும் யார் முகத்திலும் அதைக் கொண்டுவந்ததில்லை.

2012-ல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம், அப்போது நடைமுறையில் இருந்த விளையாட்டாக்கச் செயலிகளில் 80 விழுக்காடு 2014-க்குள் தொழில் நோக்கத்தை எட்டாமல் போகும், முக்கியக் காரணம் மோசமான வடிவமைப்பு என்று கணித்தது. விற்பனையாளர்களின் செயல்விளக்கத்தில் இந்த வரி வராது. அவர்கள் காட்டும் டேஷ்போர்டில் எல்லாமே மேல்நோக்கிப் போகும் கோடுகள்தான். கோட்டுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். மூடிய டிக்கெட்டில் எத்தனை மறுநாள் திரும்ப வந்தது என்று கேளுங்கள். ஆட மறுத்தவர்களுக்கு என்ன ஆனது என்றும் கேளுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் உங்களில் ஒருவராவது எங்கள் இரவு ஷிஃப்டுக்கு வாருங்கள். முன்னறிவிப்பு வேண்டாம், குழுவினரைக் கூட்டி நிறுத்தி உரையாற்றவும் வேண்டாம். அக்கா உட்கார்ந்திருந்த மேசை இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது; பக்கத்தில் உட்கார்ந்து கால் கேட்க இன்னொரு ஹெட்செட் என்னிடம் இருக்கிறது. 1 மணிக்கு மேல் வந்தால் பேசவும் நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் உதவி மையத்தின் டீம் லீடர்களில் ஒருவன்